மைல்டு ஸ்டீலுக்கு எந்த மிக் வயர்? 1.2-ஐக் கழற்றி வைத்துவிட்டு 0.8-இல் தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் புது 200 ஆம்பியர் மிக் மெஷின் (ஸ்பூல் எனும் சுருளிலிருந்து தானாக ஓடி வரும் வயரை, வாயு மூடலில் உருக்கி ஒட்டும் வெல்டிங் மெஷின்). வேலை பெரும்பாலும் 2 மி.மீ. சதுரக் குழாய், எப்போதாவது 6 மி.மீ. தகடு. "தடிமனான வயர்தான் பலம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 1.2 மி.மீ. வயர் மாட்டியிருக்கிறீர்கள். குழாயில் ஓட்டை விழுகிறது, தகட்டில் வெல்டு மேலாக உட்கார்ந்து நிற்கிறது, சுற்றிலும் தெறிப்பு. குறை வயரிலா, மெஷினிலா?

இரண்டிலும் இல்லை. அந்த வயர் நல்ல வயராகவே இருக்கலாம், ஆனால் உங்கள் வேலைக்கும் மெஷினுக்கும் அது தடி. ஈஆர்70எஸ்-6 வகையில் 0.8 மி.மீ. வயர் வாங்குங்கள், கூடவே 0.8 கான்டாக்ட் டிப்பும் (கையில் பிடிக்கும் டார்ச்சின் முனையில் வயருக்குக் கரன்ட் கொடுக்கும் துளையுள்ள டிப்) வயரைத் தள்ளும் 0.8 பள்ளம் உள்ள ரோலரும். உங்கள் தொல்லையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பெட்டியில் இருக்கும் அந்த எண். ஈஆர் என்றால் எலக்ட்ரோடாகவும் ராடாகவும் பயன்படும். 70 என்பது வெல்டின் குறைந்தபட்ச இழுவிசைத் தாங்குதிறன், சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. நம் கணக்கில் ஒரு சதுர மி.மீ.க்கு ஏறக்குறைய 49 கிலோ. சாதாரண மைல்டு ஸ்டீல் 40 கிலோவுக்குச் சற்று மேலேதான் தொடங்கும், ஆகவே ஒழுங்காக உருகி ஒட்டினால் வெல்டு தகட்டைவிட பலமாகவே இருக்கும். எஸ் என்றால் சாலிட், உள்ளே ஃபிளக்ஸ் (எரிந்து வெல்டை மூடிக் காக்கும் தூள்) இல்லாத முழுக்கம்பி. கடைசி எண்தான் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்வது. இதில் கவனிக்க வேண்டியது, 0.6 ஆனாலும் 1.2 ஆனாலும் அந்த 70 மாறாது. தடி வயர் அதிக பலம் என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது. சில பெட்டிகளில் ஐஎஸ்ஓ 14341 முறைப்படி ஜி3எஸ்ஐ1 அல்லது ஜி4எஸ்ஐ1 என்று இருக்கும். அதுவும் ஏறத்தாழ இதே சரக்குதான், பயப்படாமல் வாங்கலாம்.

அந்த 6-க்குள்ளே இருக்கும் விஷயம் சுவையானது. ஆர்க்கின் (வயர் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியின்) சூட்டில், வெல்டை மூடும் வாயுவான சிஓ2 உடைந்து கொஞ்சம் ஆக்சிஜன் விடுபடும், தகட்டின் மேல் இருக்கும் மில் ஸ்கேலும் (ஆலையில் உருட்டும்போது படிந்த கருந்தோல்) லேசான துருவும் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் கொண்டுவரும். அந்த ஆக்சிஜன் உருகிய இரும்பில் இருக்கும் கார்பனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு குமிழாகி, இரும்பு உறையும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கிரைண்டர் போட்டுத் தேய்த்தால் வெளியே வரும் ஊசித்துளைகளில் பல இப்படி வந்தவை. இதைத் தடுக்கத்தான் வயரில் சிலிக்கானும் மாங்கனீஸும் சேர்க்கிறார்கள். கார்பன் தொடுவதற்கு முன்னால் அவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து வந்துவிடும். எஸ்-6 வயரில் மாங்கனீஸ் 1.40 முதல் 1.85 சதவீதம், சிலிக்கான் 0.80 முதல் 1.15 சதவீதம். எஸ்-3 வயரில் இவை 0.90–1.40, 0.45–0.75 என்று குறைவு.

வெல்டு ஆறினதும் பீடின் (வெல்டு வரியின்) மேல் அங்கங்கே பழுப்பு நிறத்தில் கண்ணாடித் துணுக்கு மாதிரி ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். நகத்தால் நெம்பினாலோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ சில்லு சில்லாகப் பெயரும். பலரும் அழுக்கு என்று நினைக்கிறார்கள். இல்லை, சிலிக்கானும் மாங்கனீஸும் தங்கள் வேலையை முடித்துவிட்டு மேலே வந்த மிச்சம் அது. வெல்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பெயின்ட் அடிப்பதற்கு முன் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்பின் மேல் பெயின்ட் பிடிக்காது, நாலு மாதத்தில் அந்த இடம் மட்டும் உரிந்து துரு கோடு போட்டுவிடும்.

எஸ்-3 சுத்தமான இரும்புக்கும் ஆர்கான் கலவை வாயுவுக்கும் நன்றாகவே ஓடும், இந்தக் கண்ணாடித் துணுக்கும் குறைவு. எஸ்-2 வயரில் டைட்டேனியம், சிர்கோனியம், அலுமினியம் சிறிதளவு உண்டு, பைப் ஜாயின்டின் அடியில் முதல் வெல்டு (ரூட்) போடுகிறவர்கள் விரும்புவது. உங்களுக்கு இரண்டும் இப்போது வேண்டாம். எஸ்-6 போதும், அதுதான் எங்கும் கிடைக்கும். ஒன்று மட்டும்: எஸ்-6 துருவைத் தாங்கும் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு சுத்தம் செய்யாமல் அடிக்காதீர்கள். அது சமாளிப்பது மெல்லிய துருவையும் ஸ்கேலையும் மட்டும். எண்ணெய், பெயின்ட், துத்தநாகப் பூச்சு இவற்றை எந்த வயரும் சமாளிக்காது. வெல்டு விழும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் பளிச்சென்று வரும்வரை கிரைண்டர் போடுங்கள்.

இப்போது தடிமன், அதாவது உங்கள் உண்மையான பிரச்சினை. ஆர்க் மெஷினில் ராடு எரித்துப் பழகினவர்களுக்கு மிக் மெஷினில் ஒரு விஷயம் புரிய நாளாகும். இங்கே ஆம்பியருக்குத் தனிக் குமிழ் கிடையாது. வயர் ஓடும் வேகம்தான் ஆம்பியர். வயரை வேகமாக அனுப்பினால், வருகிற வயரை உருக்கித் தீர்க்க மெஷின் அதிகக் கரன்ட் கொடுக்கும், மெதுவாக அனுப்பினால் குறைவாகக் கொடுக்கும். குமிழில் ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சின்ன இன்வெர்ட்டர் மெஷின்களிலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே எந்தத் தடிமன் வயர் என்பது எந்தக் கரன்ட் எல்லைக்குள் நிம்மதியாக வேலை செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1.2 மி.மீ. வயரின் குறுக்குப் பரப்பு 1.13 சதுர மி.மீ., 0.8 வயருக்கு 0.50 தான். இரண்டேகால் மடங்கு. 2 மி.மீ. குழாய்க்கு 80 ஆம்பியர் வேண்டும் என்று வையுங்கள் (ஒரு மி.மீ.க்கு சுமார் 40 ஆம்பியர் என்பது 3 மி.மீ. வரைக்கும் கைகொடுக்கும் கணக்கு). 0.8 வயர் அந்த 80 ஆம்பியரில் நிமிடத்துக்கு 4 மீட்டர் அளவில் சீராக ஓடி, சின்னச் சின்னத் துளியாக விழும். 1.2 வயரோ 2 மீட்டர்தான் ஓட முடியும். அந்தக் கரன்ட் அதன் முனையை ஒழுங்காக உருக்கப் போதாது, எனவே முட்டும், பெரிய உருண்டையாகத் திரளும், பிறகு மொத்தமாக வெடித்து விழும். அதுதான் உங்கள் தெறிப்பு. சரி, ஓட்டட்டும் என்று வேகத்தைக் கூட்டினீர்களானால் கரன்ட் 120, 130-க்குத் தாவும், 2 மி.மீ. சுவர் தாங்காமல் ஓட்டை விழும். முட்டல் ஒருபக்கம் ஓட்டை ஒருபக்கம், நடுவில் உங்களுக்கு நிற்க இடமே இல்லை.

தோராயமாகச் சொன்னால் 0.6 வயர் 30-இலிருந்து 90 ஆம்பியர் வரை, 0.8 வயர் 50-இலிருந்து 150-ஐச் சற்றுத் தாண்டி, 1.0 வயர் 80-இலிருந்து 200 வரை, 1.2 வயர் 120-க்கு மேலேதான் ஒழுங்கு காட்டத் தொடங்கும், 300 வரை போகும். 1 மி.மீ. ஷீட் வேலை அதிகம் என்றால் 0.6 பக்கம் போகலாம். உங்களுக்கு 0.8. பிறகு 6 மி.மீ. வேலை அடிக்கடி வர ஆரம்பித்தால் 1.0 ஒரு ஸ்பூல் கூட வைத்துக்கொள்ளுங்கள். 1.2 வயர் 250, 350 ஆம்பியர் மெஷினில் நாள்பூராவும் தடித் தகடு ஓட்டுகிறவர்களுக்கு.

செட்டிங் என்று கேட்டால், 2 மி.மீ. குழாய்க்கு 80 ஆம்பியர், 18 வோல்ட் பக்கம் வைத்து ஆரம்பியுங்கள். முழு சிஓ2 ஓட்டினால் ஒன்று ஒன்றரை வோல்ட் கூடத் தேவைப்படலாம். அதன்பிறகு எண்ணை விட்டுவிட்டு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த அளவில் நடப்பது ஷார்ட் சர்க்யூட் முறை: வயர் முனை உருகிய குளத்தில் தொட்டு, துளியை விட்டு, விலகி, மறுபடி தொடும், நொடிக்கு 20 முதல் 200 தடவை வரை. சரியாக இருந்தால் சடசடவென்று இடைவெளி இல்லாமல் ஒரே சீராகக் கேட்கும். வோல்டேஜ் குறைந்தால் வயர் தகட்டில் முட்டி, டார்ச்சையே கையில் பின்னுக்குத் தள்ளும், டக் டக்கென்று விட்டுவிட்டுக் கேட்கும், பீடு கயிறு போட்ட மாதிரி உயரமாக நிற்கும். வோல்டேஜ் கூடினால் சடசட மறைந்து புஸ்ஸென்று சீறும், வயர் முனையில் உருண்டை ஆடிக்கொண்டே தொங்கும், பீடு தட்டையாகி ஓரம் அரிக்கும். ஒரு குமிழை மட்டும் திருப்புங்கள், அதுவும் கொஞ்சமாக. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது.

6 மி.மீ. தகட்டைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். மிக் வெல்டிங்கில் உண்மையான ஆபத்து அசிங்கமான வெல்டு இல்லை, அழகாகத் தெரிந்துகொண்டு உள்ளே ஒட்டாமல் இருக்கிற வெல்டு. குளிர்ந்த தடித் தகட்டில் குறைந்த கரன்டில் ஓட்டினால் வயர் உருகிவிடும், தகடு உருகாது. மெழுகு சொட்டி உட்கார்ந்த மாதிரி மேலாக உட்காரும். பார்வைக்கு சீரான அலை அலையான பீடு, சுமை வந்தால் முழுசாகப் பெயர்ந்து வரும். அதனால் 6 மி.மீ.க்கு 160, 170 ஆம்பியருக்குக் குறையாமல், 21, 22 வோல்டில் ஓட்டுங்கள். 0.8 வயரிலும் முடியும், வயர் நிமிடத்துக்கு 8 மீட்டருக்கு மேல் பறக்கும், அதன் உச்சத்தில் ஓடும், அவ்வளவுதான். மெஷினின் டியூட்டி சைக்கிளையும் (பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் விடாமல் ஓட்டலாம் என்ற அளவு) பார்த்துக்கொள்ளுங்கள். முட்டு ஜாயின்ட் (இரண்டு தகட்டின் விளிம்பும் எதிரெதிரே சேர்வது) என்றால் விளிம்பைச் சாய்த்து இடைவெளி விட்டு, இரண்டு ஓட்டாக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெல்டு வரியாகப் போடுங்கள். மேலிருந்து கீழே இழுக்கும் ஓட்டு மெல்லிய ஷீட்டுக்கு சரி, தடித் தகட்டுக்கு வேண்டாம், உருகிய இரும்பு ஆர்க்குக்கு முன்னால் ஓடிப் போய்த் தகட்டை மூடிவிடும்.

நம்பிக்கை வர ஒரு சோதனை. இரண்டு துண்டுத் தகட்டை டி மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். ஆறினதும் நிற்கும் தகட்டை, வெல்டு இருக்கும் பக்கமாகவே விழுகிற மாதிரி சம்மட்டியால் அடித்து மடக்குங்கள், ஜாயின்டின் அடி பிளந்து வாய் திறக்கும். தகடு வளைந்து வெல்டு கிழியாமல் நின்றால் நல்லது. வெல்டு உடைந்தால் உடைந்த முகத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். மூலை வரைக்கும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால் உள்ளே போய் ஒட்டியிருக்கிறது. அடியில் தகட்டின் பழைய கிரைண்டர் கோடு அப்படியே தெரிந்தால், அல்லது அறுத்த விளிம்பு அறுத்த மாதிரியே நேராக இருந்தால், அங்கே ஆர்க் தொடவே இல்லை. ஆள் நிற்கிற, சுமை தொங்குகிற எந்த வேலைக்கும் முன்னால், அதே தகட்டில் அதே செட்டிங்கில் இதைச் செய்யாமல் இறங்காதீர்கள்.

வாயு விஷயம் சீக்கிரம் முடித்துவிடலாம். முழு சிஓ2 ஆழமாக இறங்கும், விலை குறைவு, தெறிப்பு அதிகம். ஆர்கான் 80, சிஓ2 20 கலவையில் ஆர்க் மென்மையாக ஓடும், தெறிப்பு குறையும், மெல்லிய குழாய்க்கு சுகம். முழு ஆர்கானை மைல்டு ஸ்டீலுக்குப் போடாதீர்கள், ஆர்க் அலையும், பீடு ஓரத்தில் ஒட்டாமல் நிற்கும். ஓட்டம் நிமிடத்துக்கு 10 முதல் 14 லிட்டர். ஊசித்துளை வருகிறது என்று 25-க்குத் திருப்புகிறவர்கள் உண்டு, அவ்வளவு வேகத்தில் வாயு நாசில் (டார்ச் முனையில் வாயு வெளிவரும் குழல்) வாயிலேயே சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், துளை கூடத்தான் செய்யும். அதைவிட ஃபேனை நிறுத்துங்கள்.

அப்புறம் "கேஸ் இல்லாமல் ஓடும் வயர்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈ71டி-11, ஈ71டி-ஜிஎஸ் வகை ஃபிளக்ஸ் கோர் வயர்கள். உள்ளே குழல் மாதிரி இருந்து அதில் ஃபிளக்ஸ் நிரப்பியிருக்கும், எரியும்போது அதுவே புகையும் கசடுமாக வெல்டை மூடும். காற்று வீசும் வெளியிடத்தில் இதுதான் சரி. ஜிஎஸ் ஒரே ஓட்டுக்கு மட்டும் உரியது, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட வேண்டிய வேலைக்கு 11-ஐ எடுங்கள். முக்கியமாக, இந்த இரண்டுக்கும் டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும், சாலிட் வயருக்கு பாசிட்டிவில். மெஷினுக்குள் டார்ச்சை பாசிட்டிவிலோ நெகட்டிவிலோ சேர்க்கும் இணைப்பை மாற்றிப் போட மறந்துவிட்டு, "இந்த வயர் தெறிக்கிறது, குப்பை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஈ71டி-1 வேறு, அதற்கு வாயு வேண்டும், பாசிட்டிவ்தான், பெரும்பாலும் 1.2-இல் வரும், உங்கள் மெஷினுக்கு இல்லை. ஃபிளக்ஸ் கோர் வயர் மெத்தென்று இருக்கும், சாலிட் வயருக்கான வி பள்ள ரோலரில் இறுக்கினால் நசுங்கிவிடும், பல் வெட்டிய ரோலர் போடுங்கள்.

எவ்வளவு நல்ல வயர் வாங்கினாலும், ஸ்பூலிலிருந்து டிப் வரைக்கும் உள்ள பாதையில் எங்கே தடங்கினாலும் அது நேராக ஆர்க்கில் தெரியும், ஏனென்றால் வேகம்தானே கரன்ட். எனக்கு ஒரு நாள் முழுக்க ஆர்க் விம்மி விம்மி ஓடியது. சிலிண்டரை மாற்றினேன், எர்த் கிளாம்பை மாற்றினேன், வோல்டேஜை ஏற்றி இறக்கினேன். சாயங்காலம்தான் ரோலர் மூடியைத் திறந்து வயரை ஒரு வெள்ளைத் துணியால் பிடித்து ஒரு முழம் இழுத்துப் பார்த்தேன், துணியில் கருப்பாகவும் செம்பு நிறத்திலும் இரண்டு கோடு. மூடாமல் வைத்திருந்த ஸ்பூலில் கிரைண்டர் தூசி படிந்து, அது லைனருக்குள் (டார்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் உள்குழல்) போய் அடைத்திருந்தது. டார்ச் கேபிளிலிருந்து லைனரை உருவி காற்றடித்ததும் ஒரு பிடி கருந்தூள் கொட்டியது. இப்போதெல்லாம் ஸ்பூல் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் லைனருக்குக் காற்று அடிக்கிறேன்.

ஸ்பூலை மாட்டும்போது வயர் முனையை அதன் துளையிலிருந்து விடுவித்த பிறகு கையை விட்டுவிடாதீர்கள், ஒரு நொடியில் சுருள் முழுக்க அவிழ்ந்து சிக்கலாகிவிடும். வளைந்த முனையை வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, டார்ச் கேபிளை நேராக நீட்டிப் போட்டு, கான்டாக்ட் டிப்பைக் கழற்றிவிட்டு வயரை ஓட்டுங்கள். வந்த பிறகு டிப்பை மாட்டுங்கள். ரோலர் அழுத்தத்துக்கு ஒரு மரக்கட்டையின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஓட்டுங்கள்: வயர் கட்டையில் முட்டி வளைந்துகொண்டே வந்தால் போதும், அதற்கு மேல் இறுக்க வேண்டாம். அதிகம் இறுக்கினால் டிப்பில் ஒட்டிக்கொள்ளும் ஒரு நேரத்தில் ரோலர் விடாமல் தள்ளி, உள்ளே வயர் குருவிக்கூடு கட்டிவிடும். ஸ்பூல் பிரேக்கும் அப்படியே, ட்ரிகரை விட்டதும் ஸ்பூல் தானாகச் சுற்றாமல் நின்றால் போதும். கான்டாக்ட் டிப் தேய்கிற சாமான், துளை முட்டை வடிவமாகிவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். டிப்பில் கஞ்சத்தனம் பார்த்து வயரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

டிப்பிலிருந்து தகடு வரை வயர் 10, 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் சரி. கை தளர்ந்து அது 20 ஆகும்போது, நீண்ட வயர் தானாகவே சூடாகி உருகிவிடுவதால் மெஷின் கரன்டைக் குறைத்துவிடும், ஊடுருவல் போய்விடும், வாயுவும் எட்டாது. புதியவர்கள் ஓட்டின் பாதியில் வெல்டு கெட்டுப்போவதற்கு இது பெரிய காரணம். ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் முனையில் நிற்கும் உருண்டையை கட்டிங் பிளேயரால் வெட்டிவிடுங்கள், ஆர்க் ஒரே தொடுதலில் பற்றும்.

உடம்பு விஷயத்தில் இரண்டு. எண்ணெய் எடுக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மாதிரி திரவங்களைத் தொடவே தொடாதீர்கள், ஆர்க்கின் புற ஊதாக் கதிரும் சூடும் பட்டால் அதன் ஆவி ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும், கொஞ்சமே நுரையீரலைக் கெடுத்துவிடும். அசிட்டோன் போட்டு, முழுக்க உலரவிட்டு, பாட்டிலைத் தூர வைத்துவிட்டு அடியுங்கள். துத்தநாகம் பூசிய குழாயானால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், தகுந்த மாஸ்க்கோடு வேலை செய்யுங்கள், அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும்.

முதல் ஸ்பூல் 5 கிலோ வாங்கினால் போதும். 0.8 வயரில் அதுவே ஏறக்குறைய 1,270 மீட்டர். 15 கிலோ மலிவு என்று தோன்றும், ஆனால் எப்போதாவது வெல்டு அடிக்கிறவருக்கு அது தீர்வதற்குள் துருப்பிடிக்கும். செம்புப் பூச்சு துருவைத் தள்ளிப்போடும், தடுக்காது. ஒரு வாரம் வேலை இல்லை என்றால் ஸ்பூலைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மேல் சுற்று மங்கி, தொட்டால் சொரசொரத்தால் அந்தச் சுற்றுகளை உருவிப் போட்டுவிட்டு, அடியில் பளபளப்பு வந்தால் ஓட்டலாம். இப்போது கையில் இருக்கும் 1.2 ஸ்பூலையும் அப்படியே பையில் கட்டி வையுங்கள், பெரிய மெஷின் வைத்திருக்கும் யாராவது ஒருவருக்கு அது நல்ல வயர்தான்.